சுர்க்கியும் சிமெண்டும்

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில், நாலு நாள் அடைமழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு பிற்பகலில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் மேல்தளத்தினின்றும் ஒரு பாளம் பெயர்ந்து கீழே விழுந்தது. அது விழுந்த இடம் என் இளைய மகள் தினந்தோறும் பாயை விரித்து உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போடும் இடம். அன்று தெய்வாதீனமாக அவள் எதிர்வீட்டுப் பெண்ணோடு பாண்டி விளையாடப் போயிருந்தாள். பாய் கிழிந்தது, கணக்கு நோட்டு இரண்டாய் மடிந்தது, பென்சில் பெட்டி சப்பளிந்து போயிற்று. உபாத்தியாயர் புத்தி எங்கே போகும்? விழுந்த துண்டுகளைக் கூட்டிச் சேர்த்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 11 கிலோ இருந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வீட்டைப் பற்றி நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, இராக் காலங்களில் கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டின் முன்கட்டு என் பாட்டனார் 1926-ஆம் வருஷத்தில் கட்டியது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரம், அதன்மேல் மட்டப்பா, மட்டப்பாவின்மேல் தட்டோடு. பின்கட்டு என் தகப்பனார் 1988-ல் கட்டியது. சிமெண்டு, ஜல்லி, கம்பி என்ற மூன்றும் சேர்ந்த நாகரிகத் தளம். அப்போது நான் கீழ் வகுப்பில் வாசித்துக் கொண்டிருந்தேன். கான்கிரீட் போட்ட அன்று, கிணற்றிலிருந்து தவலையில் தண்ணீர் சுமந்து கொடுத்ததற்காக எனக்கும் ஒரு பொட்டலம் காராபூந்தி கிடைத்தது. அந்தத் தண்ணீரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

என் தாயார் பாளம் விழுந்த இடத்தையும் முன்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "பார்த்தியாடா! உங்க தாத்தா கட்டினது குத்துக்கல்லாட்டம் நிக்குது. உங்க அப்பா கட்டினது அவருக்கு அப்புறம் பத்து வருஷம்கூடத் தாங்கலையே!" என்றார்கள். துக்கம் விசாரிக்க வருவது போல் வந்து போன அண்டை அயலாரும் இதே தீர்ப்பைத்தான் வழங்கினார்கள். அந்தக் காலம் அந்தக் காலந்தானாம், சுண்ணாம்பு சுண்ணாம்புதானாம், சிமெண்டு வந்ததிலிருந்து எல்லாம் கெட்டதாம்.

இப்படிப்பட்ட பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பழையது என்பதனாலேயே ஒன்று நல்லதாகி விடாது. பாட்டனார் காலத்தில் எங்கள் தெருவில் கட்டிய வீடுகள் பத்துப் பன்னிரண்டு இருந்திருக்கும், நிற்பவை இரண்டு. விழுந்து போனவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை. நிற்பவற்றைக் காட்டித்தான் பெருமை பேசுகிறோம். ஆனாலும் என் தாயாரின் கேள்விக்கு விஞ்ஞான உபாத்தியாயனாகிய நான் பதில் சொல்ல முடியாமல் விழித்தது வாஸ்தவம். பதிலைத் தேடிக்கொண்டு போனதில் ஒரு வருஷம் கழிந்தது.

முதலில் அகப்பட்டவர் எங்கள் ஊர் முதிய மேஸ்திரி. வயது எழுபதுக்கு மேல். கரணை பிடிப்பதை விட்டுவிட்டார். ஆனால் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தால் அதன் ஜாதகத்தைச் சொல்லக் கூடியவர். ஏணி வைத்து ஏறி, தளத்தை அங்குமிங்கும் சுத்தியலால் தட்டிவிட்டு இறங்கினார்.

"வாத்தியாரய்யா, சிமெண்டு மேல குத்தமில்லீங்க. உள்ளே கம்பி வீங்கிப் போச்சு. வீங்கினா மேல இருக்கிறதைத் தள்ளத்தானே செய்யும்?" என்றார்.

இரும்பு வீங்குமா? வீங்கத்தான் செய்கிறது. ரஸாயன புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லும் சங்கதியை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். நல்ல கான்கிரீட்டுக்குள் கடுமையான காரத் தன்மை உண்டு. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின்மேல் மெல்லிய படலம் ஒன்று கவசம்போல் படிந்திருக்கும், துரு பிடிக்காது. கடற்காற்றிலும் உவர்நீரிலும் உள்ள உப்பு, தளத்தின் நுண்ணிய துவாரங்கள் வழியாக உள்ளே நுழைந்து அந்தக் கவசத்தைக் கிழித்து விடுகிறது. பிறகு இரும்பு துருவாக மாறுகிறது. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக் கொள்ளும். கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகவே கம்பியை மூடியிருக்கும் கீழ்ப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. எங்கள் தளத்தில் கம்பிகள் அப்பளம்போல் ஏடு ஏடாக உரிந்து வந்தன.

உப்பு எங்கிருந்து வந்தது? பாதி காற்றிலிருந்து. மறுபாதிக்கு நானே உடந்தை. நான் தவலையில் சுமந்த கிணற்று நீர் வாயில் வைத்தால் உவர்க்கும். இன்றும் அதில் பருப்பு வேகாது. போதாக்குறைக்கு, மலிவு என்று உப்பனாற்று மணலைக் கொண்டு வந்து கொட்டினாராம் அன்றைய காண்டிராக்டர். கம்பிக்குக் கீழே மூடியிருந்த கான்கிரீட் அரை அங்குலங்கூட இல்லை. கடற்கரைக் காற்று படும் இடங்களில் 45 மில்லிமீட்டராவது மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்லுகிறது. இதெல்லாம் என் தகப்பனாருக்கு எப்படித் தெரியும்? அவர் தம் வருங்கால வைப்புநிதியிலிருந்து கடன் வாங்கிக் கட்டினார். தெரிந்திருக்க வேண்டியவர் வேறொருவர்.

ஆகவே முன்கட்டு நிற்பதற்கும் பின்கட்டு விழுவதற்கும் முதற் காரணம் சுண்ணாம்புமல்ல, சிமெண்டுமல்ல. முன்கட்டில் இரும்பு இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. இதைத் தாயாரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அத்துடன் விட்டுவிடவில்லை. "அப்படின்னா நம்ம கிணத்தடித் தொட்டி? அதுலதான் நூறு வருஷமா உப்புத் தண்ணியே நிக்குது. ஒரு பொட்டு கசிவு உண்டா?" என்று கேட்டார்கள்.

வாஸ்தவந்தான். அந்தத் தொட்டியைப் பிறந்தது முதல் பார்த்து வருகிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. வெறும் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குக் காற்று வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறித்தான் அது கெட்டிப்படுகிறது. தண்ணீருக்கடியில் அது கரைந்து ஒழிய வேண்டியதே நியாயம். நூறு வருஷம் எப்படி நின்றது?

மேஸ்திரியைக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது வெறும் சுண்ணாம்பில்லீங்க. சுர்க்கி போட்ட காரை. எங்கப்பாரு காலத்துல கிளிஞ்சச் சுண்ணாம்பும் சுர்க்கியும் சரிபாதி போட்டு, செக்குல மாடு கட்டி ஆட்டுவாங்க. விரல்ல தொட்டா சந்தனமாட்டம் வரணும்."

சுர்க்கி என்பது பாரசீகச் சொல். சிவப்பு என்று பொருள். செங்கல்லை இடித்துச் சலித்தெடுத்த பொடிக்கு அந்தப் பெயர். இந்தப் பொடியைச் சுண்ணாம்போடு கலந்தால், அது தண்ணீருக்குள்ளேயே இறுகும். தண்ணீரையே ஆகாரமாகக் கொண்டு இறுகுகிறது என்றுகூடச் சொல்லலாம். பென்னிகுவிக் துரை பெரியாற்றின் குறுக்கே கட்டி 1895-ல் திறக்கப்பட்ட 176 அடி உயர அணை, மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தரும் அந்த அணை, சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கொண்டே கட்டப்பட்டது. இரு முகங்களிலும் கருங்கல் கட்டடம், நடுவயிற்றில் சுர்க்கிக் கான்கிரீட். காவேரியின் குறுக்கே 1911-ல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜ சாகரமும் சுர்க்கிச் சாந்தில் எழுந்ததுதான். குறையையும் சொல்லிவிட வேண்டும். பெரியாற்று அணையில் ஊறிக் கசிந்த நீரோடு சுண்ணாம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. பிற்காலத்தில் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தியும் கான்கிரீட் சேர்த்தும் பலப்படுத்த வேண்டியிருந்தது.

இது நம் முன்னோர்களுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் என்று யாரும் மார்தட்ட வேண்டாம். ரோமாபுரியார் உடைந்த ஓட்டையும் பானையையும் இடித்துச் சுண்ணாம்பில் கலந்தார்கள். எரிமலைச் சாம்பல் கிடைத்த இடத்தில் அதைக் கலந்தார்கள். துருக்கியரும் செங்கற்பொடிச் சாந்து வைத்திருந்தார்கள். செங்கல் சுட்ட ஜாதிகள் பலவும் எப்போதோ இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. ஏன் அப்படி நடக்கிறது என்பதுதான் நெடுநாள் விளங்காமலிருந்தது.

அந்த 'ஏன்' எனக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, என் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர்களோடு ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. விருப்பமுள்ள நேயர்கள் வீட்டிலேயே செய்யலாம். காலித் தீப்பெட்டிகளே அச்சுக்கள். முதல் வரிசைப் பெட்டிகளில் நீற்றிய சுண்ணாம்பும் மணலும் மாத்திரம். இரண்டாவது வரிசையில், குயவர் சூளையில் சரியாக வேகாமல் ஒதுக்கிய பானை ஓட்டைப் பொடித்துச் சேர்த்தோம். மூன்றாவது வரிசையில், காளவாயில் நெருப்புக்கு மிக அருகிலிருந்து உருகிக் கறுத்துப்போன செங்கல்லின் பொடி. எல்லாவற்றையும் ஈரச் சாக்கில் மூடி நாலு வாரம் வைத்திருந்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் போட்டோம். ஒரு வாரத்தில் முதல் வரிசை சேறாகிவிட்டது. மூன்றாவது வரிசை ஓரங்களில் உதிர்ந்து, நகத்தால் சுரண்டினால் வந்தது. இரண்டாவதை உடைக்கச் சுத்தியல் வேண்டியிருந்தது.

"சார், அப்போ நல்லா வெந்ததுதான் உதவாததா?" என்று கேட்டான் பின்வரிசைப் பையன் ஒருவன். அந்த ஒரு கேள்விக்காகவே பரீட்சை செய்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆம், அப்படித்தான். வெண்களிமண்ணின் அணுக்கள் ஏடு ஏடாக ஒழுங்காக அடுக்கப்பட்டவை. அந்த அடுக்குகளோடு நீர் பிணைந்திருக்கிறது. சுமார் 700 முதல் 850 டிகிரி உஷ்ணத்தில் சுட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறுகிறது, அடுக்குக் குலைகிறது. குலைந்த நிலையில் அந்த மண் எதனோடாவது சேரத் துடிக்கிறது. சுண்ணாம்பும் நீரும் கிடைத்தால் உடனே சேர்ந்து, சிமெண்டுக்கு வலிமை தருவது எதுவோ அதே பசையை உண்டாக்குகிறது. இன்னும் அதிகமாகச் சுட்டாலோ, அணுக்கள் மறுபடி வேறொரு ஒழுங்கில் அடுக்கிக்கொண்டு அமைதியடைந்து விடுகின்றன. அப்புறம் அவற்றுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. பழைய கொத்தர்கள் சுர்க்கிக்கு முற்றிய செங்கல்லை ஒதுக்கி, இளவேக்காட்டுச் செங்கல்லையே பொறுக்கி எடுத்ததன் சூட்சுமம் இதுதான்.

நிற்க. சிமெண்டு எப்படி வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் எடிஸ்டோன் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், 1750-களில், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அது தண்ணீரில் இறுகும் என்று கண்டார். 1824-ல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் தம்முடைய சிமெண்டுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். போர்ட்லாண்ட் என்னும் இடத்துக் கல்லைப் போல் இருக்கிறதென்று போர்ட்லாண்ட் சிமெண்டு எனப் பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் உஷ்ணத்தைக் கூட்டிக் கூட்டி, இன்று 1450 டிகிரியில் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் உருகும் தறுவாய்க்குக் கொண்டு போகிறார்கள். கிடைக்கும் கரிய உருண்டைகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். அதை ஜிப்ஸம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. நம் தேசத்தில் 1904-ல் சென்னையில் ஒரு கம்பெனி கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு செய்யத் துணிந்து, நிலைக்காமல் போயிற்று. 1914-ல் போர்பந்தரில் தொடங்கியதுதான் வேரூன்றிய முதல் முயற்சி. சீமையிலிருந்து வந்திறங்கிய சரக்கோடு போட்டி போட்டு அந்தச் சுதேசி ஆலைகள் பட்ட பாடு தனிக் கதை. இன்று சிமெண்டு உற்பத்தியில் உலகத்தில் சீனாவுக்கு அடுத்த ஸ்தானம் நம்முடையது. வருஷத்துக்கு 40 கோடி டன்னுக்கு மேல் செய்கிறோம்.

பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 கிலோ சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிலோ கரியமில வாயுவாக ஆகாயத்தில் கலந்துவிடும். இது நெருப்பின் குற்றமன்று; கல்லுக்குள்ளேயே அந்த வாயு இருக்கிறது. சூரிய வெப்பத்தைக் கொண்டே சுட்டாலும் அது வெளிவந்துதான் தீரும். அதற்குமேல் 1450 டிகிரிக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை வேறு. ஆக, கலப்பில்லாத சாதாரண சிமெண்டு ஒரு மூட்டை செய்ய ஏறக்குறைய 40 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. உலகமெங்கும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டினால் மாத்திரம் வருவது. பூமி சூடேறுவதும், சமுத்திரம் உயர்வதும், கடற்கரை ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறுவதும் எங்கே கொண்டு விடும் என்று எங்கள் ஊராருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'அப்படியானால் எல்லாரும் சுண்ணாம்புக்கே திரும்பலாமே!' என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் சுண்ணாம்பும் அதே கல்லிலிருந்துதான் வருகிறது என்பதை மறந்து விடுகிறார்கள். அதைச் சுட 900 டிகிரி போதும் என்பதும், விட்ட வாயுவில் ஒரு பகுதியைச் சுவரில் நின்றபடியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் சாந்து இறுக மாதக்கணக்காகும். பட்டணத்தில் நாலு மாடிக் கட்டடத்தையும் ரயில் பாலத்தையும் அதைக் கொண்டு கட்ட முடியாது. குடிசையில் இருப்பவனுக்குக் கெட்டியான கூரை வேண்டும் என்னும்போது, பொறு, செக்கு ஆட்டுகிறோம் என்று சொல்வது தர்மமாகுமா?

இங்கேதான் சுர்க்கி மறுபடியும் மேடைக்கு வருகிறது. ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்துத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் பேராசிரியை கேரன் ஸ்க்ரிவெனரும், கியூபா தேசத்தில் மார்த்தா ஆப்ரூ மத்திய சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்னாண்டோ மார்ட்டிரெனாவும் தத்தம் கூட்டத்தாரோடு ஒரு புதுக் கலவையை ஆராய்ந்தார்கள். டெல்லி, சென்னை, பம்பாய் ஐ.ஐ.டி.க்களும் அந்த வேலையில் கை கோத்தன. அந்தச் சிமெண்டுக்கு எல்.சி.3 என்று பெயர். 50 கிலோ மூட்டையில் கிளிங்கர் 25 கிலோதான். மீதியில் 15 கிலோ இளஞ்சூட்டில் சுட்ட களிமண். ஏழரைக் கிலோ சுடாத பச்சைச் சுண்ணாம்புக் கல்லின் மாவு. இரண்டரைக் கிலோ ஜிப்ஸம்.

சுட்ட களிமண்ணைக் கலப்பது புதிதன்று. பிரேசில் தேசத்தில் ஜூப்பியா அணையிலேயே 1962-ல் கலந்தார்கள். புதுமை, சுடாத கல்மாவில் இருக்கிறது. கல்மாவை வெறும் இடத்தை அடைக்கும் பொருளென்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். களிமண்ணிலிருந்து வரும் அலுமினாவோடு அது சேர்ந்து புதிய படிகங்களை உண்டாக்கித் துவாரங்களை அடைக்கிறது என்பதும், அதனாலேயே பாதிக் கிளிங்கரை நீக்கியும் வலிமை குறையாமலிருக்கிறது என்பதும் இவர்கள் நிலைநாட்டிய விஷயம். ஏழாவது நாளில் சாதாரண சிமெண்டின் பலத்தை எட்டிவிடுகிறது. கரியமில வாயு நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை குறைகிறது. களிமண்ணும் ஒசத்தியாக இருக்க வேண்டியதில்லை. பீங்கானுக்கு ஆகாதென்று சுரங்கங்களில் ஒதுக்கிக் குவித்திருக்கிறார்களே, அந்த மண்ணே போதும். நூற்றுக்கு 40 பங்கு வெண்களி இருந்தால் சரி.

அனல் மின்நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசட்டையும் சேர்த்துச் சிமெண்டு செய்வது ஏற்கெனவே நம் தேசத்தில் பெருவழக்கு. பின் இது எதற்கு என்று கேட்கலாம். நிலக்கரி எரிப்பது குறையக் குறையச் சாம்பலும் குறையும். கசடும் உலகத்துத் தேவைக்குப் போதாது. களிமண்ணோ, வீடு மிகவும் தேவைப்படும் உஷ்ணப் பிரதேசங்களில்தான் மிகுதியாகக் கிடைக்கிறது. இப்படி இயற்கையே ஓரவஞ்சனையில்லாமல் நடந்துகொள்வது அபூர்வம்.

எனக்கு இதிலெல்லாம் மேலாகப் பட்டது ஒன்று. அந்தச் சிமெண்டுக் கான்கிரீட்டில் துவாரங்கள் மிகமிக நுண்ணியவையாதலால், கடலுப்பு உள்ளே நுழையும் வேகம் சாதாரணக் கான்கிரீட்டைவிடப் பல மடங்கு குறைவாம். அதைப் படித்தபோது 11 கிலோ பாளமும் கிழிந்த பாயும் என் கண்முன் வந்து நின்றன.

குறைகள் இல்லாமலில்லை. கலவை சீக்கிரம் கெட்டியாகி விடுவதால், இளக்குவதற்கு மருந்துச் சரக்குகள் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு அதற்குள் சற்று விரைவாக நுழைந்து காரத்தைக் குறைக்கும். ஆகவே நன்றாகத் தண்ணீர் கட்டி ஆற்றாவிட்டால் ஆபத்து. மண்ணில் இரும்புச் சத்து இருந்தால் சிமெண்டு செந்நிறமாய்ப் போகிறது. சாம்பல் நிறந்தான் பலம் என்று ஜனங்கள் நினைப்பதால், சூளையில் காற்றைக் கட்டுப்படுத்தி அந்தச் செந்நிறத்தைப் போக்கப் பாடுபடுகிறார்கள். சிவப்பு என்ற பெயரோடு பிறந்த சரக்குக்கு வந்த விதியைப் பாருங்கள்!

கியூபாவில் 2013-ல் ஆலையிலேயே செய்து பார்த்தார்கள். நம் தேசத்தில் ஜான்சியில் இதைக் கொண்டு ஒரு மாதிரி வீடு எழுப்பினார்கள். 2023-ல் இந்தியத் தர அமைவனம் ஐ.எஸ். 18189 என்ற எண்ணிட்டு இதற்கென்று விதியும் வகுத்துவிட்டது. இவ்வளவும் தெரிந்துகொண்டு, மிகுந்த உற்சாகத்துடன் எங்கள் கடைத்தெருச் சிமெண்டு வியாபாரியிடம் போய் நின்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன சார், சிமெண்டுல களிமண்ணா? அதை நாங்க கலப்படம்னுல்ல சொல்லுவோம்!"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாம்பல் கலந்த சிமெண்டு மூட்டைகளைத்தான் அவர் இருபது வருஷமாக விற்கிறார். 'கலப்பில்லாதது இருக்கிறதா?' என்று கேட்காமல் வாங்கிப் போனவர்கள் மிகச் சிலரே என்று அவரே சொன்னார்.

ஆகக் கூடி, விழுந்த தளத்தை என்ன செய்வது? என்னிடம் படித்துப் பொறியியல் கற்று வந்திருக்கும் ஒரு பெண்ணை அழைத்து யோசனை கேட்டேன். "சார், ஒட்டுப் போட்டா ரெண்டு வருஷத்துல இன்னொரு பக்கம் விழும். உப்பு தளம் பூராவும் இறங்கியிருக்கு. முழுசா எடுத்துடுங்க" என்றாள். கிடைக்காத சிமெண்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இரும்புக் கசடு கலந்த சிமெண்டு கடற்கரைக்கு ஏற்றது, அதையே வாங்குங்கள் என்றாள். கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடாப்பு இல்லாவிட்டால் தான் கையெழுத்துப் போட முடியாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண்! என் மனைவியின் வளையல்கள் இரண்டு வங்கிக்குப் போயின. நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. உப்பனாற்று மணல் தெருப்பக்கமே வரவில்லை.

தை மாதத்தில் தளம் போட்டோம். மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கம்பிக்கடியில் வைத்த சிமெண்டுக் கட்டைகள் நகராதிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுநாள் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். பதினாலு நாள் அது வற்றக்கூடாது என்பது அவர் உத்தரவு. தினமும் காலையில் ஏணியில் ஏறித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்லும் வேலையை என் இளைய மகள் தானாகவே ஏற்றுக்கொண்டாள். காக்கைகள் வந்து குளிக்கின்றன என்று புகார் கொண்டு வருவாள்.

கிணற்றடித் தொட்டியின் ஒரு மூலையில் சாந்து பெயர்ந்திருந்தது. அதற்கு மாத்திரம் மேஸ்திரி தம் பேரனை அழைத்து வந்து, கிளிஞ்சல் சுண்ணாம்பும், எங்கள் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் மிஞ்சிய பானை ஓட்டுப் பொடியும் சேர்த்து, அம்மியில் அரைத்துப் பூசினார். அம்மி பாழாயிற்று என்று தாயார் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள்.

புதுத் தளத்தின் கீழே சுண்ணாம்பு அடித்து, விளக்கு மாட்டி, பழைய இடத்திலேயே புதுப் பாயும் வாங்கிப் போட்டிருக்கிறேன். மகள் இன்னும் முன்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுகிறாள்.